மெல்பர்ன் குக்ஸ் காட்டேஜ்: கேப்டன் குக்கின் அப்பா அம்மா கட்டிய வீடு

ஃபிட்ஸ்ராய் கார்டன்ஸுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டு வீட்டுக்குப் போகலாமா, காசுக்குத் தகுமா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்கு வரைபடம் போட்ட ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் ஜேம்ஸ் குக் வாழ்ந்த வீடு என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இது அவர் வீடு இல்லை. அவருடைய அப்பாவும் அம்மாவும் 1755ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கிரேட் எய்ட்டன் என்ற கிராமத்தில் கட்டிக்கொண்ட வீடு. அப்போது மகனுக்கு 26 வயது, அவர் வீட்டை விட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பெற்றோரைப் பார்க்க இந்த வீட்டுக்கு வந்திருப்பார், அவ்வளவுதான். மெல்பர்ன் பக்கமோ அவர் வரவே இல்லை. 1770 ஏப்ரலில் அவர் கப்பலிலிருந்து இந்தக் கரை முதலில் கண்ணில் பட்ட இடம், விக்டோரியாவின் கிழக்கு மூலையில் இருக்கும் பாயின்ட் ஹிக்ஸ். அங்கிருந்து கப்பல் வடக்கே திரும்பிப் போய்விட்டது.

அப்புறம் எதற்குப் போக வேண்டும் என்றால், ஒரு குடும்பத்தைப் பார்ப்பதற்கு. குக்கின் கடல் பயணங்களைப் பற்றி எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். அவரைப் பெற்றவர்கள் எப்படி இருந்தார்கள், கட்டிக்கொண்டவள் என்ன ஆனாள், பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதை யோசிக்க வைக்கிற இடம் இந்த ஊரில் இது ஒன்றுதான். அந்தக் கதை கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் வீடு பேசும், தெரியாமல் போனால் பத்து நிமிஷத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவீர்கள். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வீடு இங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1933ல் கிரேட் எய்ட்டனில் இந்த வீடு விற்பனைக்கு வந்தது. மெல்பர்னைச் சேர்ந்த ரஸ்ஸல் கிரிம்வேட் என்ற தொழிலதிபர் இதை வாங்கி, 1934ல் நகரத்தின் நூற்றாண்டு விழாவுக்காக விக்டோரியா மக்களுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார். விற்றவர் முதலில் வீடு இங்கிலாந்தை விட்டுப் போகக் கூடாது என்று நிபந்தனை வைத்தாராம், பிறகு பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை விட்டுப் போகக் கூடாது என்று மாற்றிக்கொள்ள வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் கொடுக்க முன்வந்த அதிகபட்சத் தொகை 300 பவுண்டு, கிரிம்வேட் கொடுத்தது 800. வீட்டைச் செங்கல் செங்கலாகப் பிரித்து, 253 பெட்டிகளிலும் 40 பீப்பாய்களிலும் அடைத்து, ‘போர்ட் டனீடன்’ என்ற கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து மறுபடி அடுக்கிக் கட்டினார்கள். சுவரில் படர்ந்திருந்த ஐவி கொடியிலிருந்துகூட ஒரு துண்டு வெட்டி எடுத்து வந்து நட்டார்கள். பதிலுக்கு பாயின்ட் ஹிக்ஸ் பக்கத்துக் கல்லை வெட்டி அனுப்ப, வீடு இருந்த இடத்தில் அந்தக் கல்லால் ஒரு தூண் எழுப்பியிருக்கிறார்கள். இது இன்றும் கிரேட் எய்ட்டனில் நிற்கிறது.

வீடு நிஜமாகவே சின்னது. செங்கலும் கல்லும் கலந்த சுவர், சிவப்பு ஓடு, தாழ்ந்த நிலைப்படி. உயரமானவர்கள் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். வாசல் நிலைக்கு மேலே கல்லில் செதுக்கியிருப்பதை அவசரப்படாமல் பாருங்கள், ஜே, ஜி, சி என்று மூன்று எழுத்து, 1755 என்று வருஷம். ஜேம்ஸ், கிரேஸ், குக். புருஷன் பெயரோடு பெண்டாட்டி பெயரின் முதல் எழுத்தும் சேர்ந்து இருக்கிறது. வேறொருவர் நிலத்தில் கூலிக்கு உழைத்த ஒரு குடும்பம், வயதான காலத்தில் தனக்கென்று ஒரு வீடு கட்டித் தலைவாசலில் பெயரைப் பொறித்துக்கொண்டது என்றால் அந்த நாள் அவர்களுக்கு எப்பேர்ப்பட்ட நாளாக இருந்திருக்கும். எனக்கு மொத்த வீட்டிலும் இந்தக் கல்தான் பிடித்தது.

மதுரையிலிருந்து வந்திருந்த அத்தையை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அடுப்படிக்கு முன்னால் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, “எட்டுப் பிள்ளைன்னு சொன்னியே, இம்புட்டு இடத்துலயா எட்டையும் வளர்த்தா அந்தம்மா?” என்று கேட்டார்.

“இல்லத்தை, பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல போனதுக்கு அப்புறம் கட்டுன வீடு இது.”

“போனதுக்கு அப்புறமா?” என்றவர், அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் கேட்டது சரியான கேள்வி. அப்பா ஜேம்ஸ் குக் ஸ்காட்லாந்தில் எட்னம் என்ற ஊரில் பிறந்து, வேலை தேடி எல்லை தாண்டி யார்க்‌ஷயர் வந்த விவசாயக் கூலி. கிரேஸ் பேஸ் அந்தப் பக்கத்துப் பெண், தார்னபி ஊர். 1725ல் கல்யாணம். இரண்டாவது பிள்ளைதான் நம் கேப்டன், 1728 அக்டோபர் 27 அன்று (அன்றைய பழைய காலண்டர் கணக்குப்படி) மார்ட்டன் கிராமத்தில் ஒரு மண் குடிசையில் பிறந்தார். அந்தக் குடிசை இப்போது இல்லை. அவருக்கு எட்டு வயது இருக்கும்போது அப்பாவுக்குக் கிரேட் எய்ட்டனில் ஏரிஹோம் பண்ணையில் மேற்பார்வை வேலை கிடைத்துக் குடும்பம் அங்கே மாறியது. பண்ணை முதலாளி தாமஸ் ஸ்காட்டோதான் பையனின் பள்ளிக்கூடச் சம்பளத்தைக் கட்டினார் என்று சொல்கிறார்கள். அது மட்டும் நடக்காமல் போயிருந்தால் கணக்கும் வரைபடமும் கற்றுக்கொள்ள அந்தப் பையனுக்கு வழியே இருந்திருக்காது. கிரேட் எய்ட்டன் சர்ச் வளாகத்தில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது, அதில் கிரேஸ் பெயரோடு ஐந்து பிள்ளைகளின் பெயரும் இருக்கிறது. எட்டில் ஐந்து. அம்மா 1765ல் இறந்தார், மகன் உலகம் சுற்றிய கதை எதையும் கேட்காமலே.

அப்பா அதற்குப் பிறகும் இந்த வீட்டில் தனியாக இருந்தார். முதல் உலகப் பயணத்தை முடித்துவிட்டு 1771 கடைசியில் மகன் மனைவியோடு யார்க்‌ஷயர் வந்து அப்பாவைப் பார்த்தார். பசிபிக் முழுக்கச் சுற்றி வந்த ஆள், அந்த வருஷம் கமாண்டராகப் பதவி உயர்ந்தவர், இந்தத் தாழ்ந்த நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்திருப்பார் என்பதை அங்கே நின்று நினைத்துப் பாருங்கள். மறுவருஷம் அப்பா வீட்டை விட்டுவிட்டு, ரெட்காரில் ஒரு மீனவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்த மகள் மார்கரெட் வீட்டுக்குப் போய்விட்டார். கடைசிக் காலத்தில் மகள் வீடு, எந்த ஊரிலும் அப்படித்தான். 1779 ஏப்ரல் 1ஆம் தேதி அங்கேயே இறந்தார். மகன் அதற்கு ஆறு வாரம் முன்னால், பிப்ரவரி 14 அன்று ஹவாயில் கொல்லப்பட்டிருந்தார். அந்தச் செய்தி லண்டனுக்கு வந்தது 1780 ஜனவரியில்தான். மகன் உயிரோடு கடலில் எங்கேயோ இருக்கிறான் என்ற நினைப்போடுதான் அந்தக் கிழவர் கண்ணை மூடினார்.

கேப்டனின் வேலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டெய்த்ஸில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து, அது ஒத்துவராமல் 1746ல் விட்பி துறைமுகத்தில் ஜான் வாக்கர் என்ற கப்பல் முதலாளியிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். நிலக்கரி ஏற்றிப் போகும் கப்பல்களில் தொழில் கற்றார். ஒரு கப்பலுக்கே தலைவராகும் வாய்ப்பு கையில் வந்தபோது அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1755 ஜூனில் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார், ஊரில் அப்பா அம்மா வீடு கட்டிய அதே வருஷம். கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றை அளந்து வரைபடம் போட்டதில்தான் கடற்படைத் தலைமையான அட்மிரல்டியின் கண்ணில் பட்டார். பிறகு 1768, 1772, 1776 என்று மூன்று பெரும் பயணங்கள். அவற்றில் எண்டவர், ரெசல்யூஷன் உட்பட அவர் கூட்டிப்போன கப்பல்கள் எல்லாமே விட்பியில் கட்டிய கப்பல்கள். விட்பியில் வாக்கர் வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது, பயிற்சிப் பையன்கள் படுத்துறங்கிய பரண்கூட அப்படியே இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லும்போது இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1769 அக்டோபரில் நியூசிலாந்தில் கிஸ்போர்ன் பக்கம் கரை இறங்கிய முதல் சில நாட்களிலேயே அவர் ஆட்கள் அங்கத்துப் பழங்குடி மக்களான மாவோரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருஷம் சிட்னி பக்கத்துப் பாட்டனி பேயில், கரையில் நின்று தடுத்த குவியகல் பழங்குடி ஆட்களை நோக்கியும் துப்பாக்கி வெடித்தது. 1770 ஆகஸ்டில் இந்தக் கண்டத்தின் கிழக்குக் கரை முழுவதையும், அங்கே குடியிருந்தவர்களில் ஒருவரைக்கூடக் கேட்காமல் ராஜாவின் பெயரில் எழுதிக்கொண்டார். ஹவாயில் அவர் செத்ததுகூடத் திருடுபோன படகுக்காக அந்த ஊர் அரசரையே பிணையாகப் பிடிக்கப் போன இடத்தில்தான். இந்த வீட்டுச் சுவரில் அவ்வப்போது பெயிண்ட் ஊற்றி எதிர்ப்புக் காட்டுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. இதே தோட்டத்தில், பழங்குடி மக்கள் பட்டை உரித்து எடுத்த வடு இருக்கிற ஒரு பழைய மரத்தின் அடிப்பகுதி நிற்கிறது. வீட்டைப் பார்த்துவிட்டு அதையும் பார்க்காமல் வந்தால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

இனி எலிசபெத். எனக்கு இந்தக் குடும்பத்தில் மனசில் நிற்கிற ஆள் அவர்தான். அவர் இந்த வீட்டில் வாழ்ந்தவர் இல்லை, லண்டன்காரர். வாப்பிங் துறைமுகப் பக்கம் சத்திரம் நடத்திய சாமுவேல் பாட்ஸின் மகள். 1762 டிசம்பர் 21 அன்று லண்டன் பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் கல்யாணம், மணமகளுக்கு வயது இருபது, மாப்பிள்ளை அவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். பதினாறு வருஷ தாம்பத்தியம் என்று கணக்குச் சொல்லலாம், ஆனால் புருஷன் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருஷம்தான் தேறும். ஆறு பிள்ளைகள். 1768 ஆகஸ்டில் எண்டவர் கிளம்பும்போது நிறைமாதக் கர்ப்பிணி. கப்பல் போன கொஞ்ச நாளிலேயே ஜோசப் பிறந்து, சில வாரத்திலேயே போய்விட்டது. நாலு வயது மகள் 1771 ஏப்ரலில் இறந்தாள், அப்பா திரும்பி வந்தது ஜூலையில். இரண்டாவது பயணம் கிளம்பிய அந்த ஜூலையில் ஜார்ஜ் பிறந்தது, அக்டோபரில் அதுவும் போயிற்று. மூன்று குழந்தைகளையும் புருஷன் பக்கத்தில் இல்லாமல் தனியாகவே புதைத்தவர்.

மிச்சம் மூன்று பையன்கள். புருஷன் செத்த செய்தி வந்த அதே 1780ல், அக்டோபர் மாதக் கரீபியன் புயலில் ‘தண்டரர்’ என்ற போர்க்கப்பல் ஒரு ஆள் மிச்சமில்லாமல் மூழ்கியது, அதில் இரண்டாவது மகன் நத்தானியல் இருந்தான், பதினாறு வயது நிறையவில்லை. கடைக்குட்டி ஹியூவைக் கடலுக்கு அனுப்பவில்லை, கேம்பிரிட்ஜில் படிக்க அனுப்பினார். அங்கே காய்ச்சல் வந்து 1793 டிசம்பர் 21 அன்று இறந்தான், அம்மாவின் கல்யாண நாள் அது. ஐந்தே வாரத்தில், 1794 ஜனவரியில், கடற்படையில் கமாண்டராக இருந்த மூத்தவன் ஜேம்ஸ் தன் கப்பலுக்குச் சேர ஒரு படகில் போகும்போது செத்தான், உடல் கரை ஒதுங்கியது. அண்ணனையும் தம்பியையும் கேம்பிரிட்ஜில் ஒரே இடத்தில் புதைத்தார்கள். பேரப்பிள்ளை என்று ஒன்றுகூட இல்லை. உலக வரைபடத்தில் எத்தனை இடத்துக்கு அந்த மனுஷன் பெயர் இருக்கிறது, அவர் நேர் வாரிசு ஒருவரும் இல்லை. உறவு என்று சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லாம் தங்கை மார்கரெட் வழி வந்தவர்கள்.

அதற்குப் பிறகும் எலிசபெத் நாற்பது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். அரசாங்கம் வருஷத்துக்கு 200 பவுண்டு பென்ஷன் கொடுத்தது, பணக் கஷ்டம் இல்லை. லண்டன் பக்கத்துக் கிளாப்பமில் உறவுக்காரர் ஐசக் ஸ்மித்தோடு ஒரே வீட்டில் இருந்தார். எண்டவரில் போய் பாட்டனி பேயில் முதலில் கரை இறங்கியவர் என்று சொல்லப்படும் அதே ஐசக், பிற்பாடு ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றவர். புருஷனும் மூன்று மகன்களும் செத்த நாலு நாட்களிலும், நம் வீட்டுத் திதி நாள் மாதிரி, ஒன்றும் சாப்பிடாமல் பைபிளை வைத்துக்கொண்டு அறையிலேயே இருப்பாராம். காற்று பலமாக அடிக்கிற இரவில் தூங்க மாட்டாராம். புருஷன் எழுதிய கடிதங்களைச் சாவதற்கு முன்னால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எரித்துவிட்டார். ஆராய்ச்சியாளர்கள் இதைப் பெரிய இழப்பு என்கிறார்கள், இருக்கட்டும். நாடு முழுக்க உரிமை கொண்டாடிய மனுஷனில் தனக்கென்று ஒரு பங்கை அவர் யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டார், அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. 1835 மே 13 அன்று, 93 வயதில் இறந்தார். அதே வருஷம்தான் வெள்ளைக்காரர்கள் மெல்பர்ன் இருக்கும் இந்த யாரா நதிக்கரையில் வந்து குடியேறினார்கள்.

சிட்னிக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: டஹீட்டியிலிருந்து வந்த மரப்பட்டைத் துணியில் எலிசபெத் தன் கையால் பூவேலை செய்ய ஆரம்பித்த ஒரு மேல்சட்டைத் துணி அங்கே மாநில நூலகச் சேகரிப்பில் இருக்கிறது. மூன்றாவது பயணம் முடிந்து வந்து அரசவைக்குப் போட்டுக்கொள்ளத் தைத்தது. செய்தி வந்ததும் ஊசியை வைத்துவிட்டார், வேலை பாதியில் நிற்கிறது.

சரி, மறுபடியும் காட்டேஜ். உள்ளே இருக்கிற கட்டில், மேஜை, பாத்திரமெல்லாம் அந்தக் காலத்துச் சாமான்கள், குக் குடும்பத்தின் சொந்தச் சாமான்கள் இல்லை. அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம், அந்த மாதிரி ஒரு வீட்டில் என்ன இருந்திருக்கும் என்பது நன்றாகவே புரிகிறது. வெளியே அந்தக் காலத்து ஆங்கிலேயக் கிராமத்து வீடு மாதிரி தோட்டம் போட்டிருக்கிறார்கள், மூலிகை, கீரை, பூச்செடி. பழைய கால உடை போட்ட தன்னார்வலர்கள் இருந்தால் பேச்சுக் கொடுங்கள். நான் போனபோது இருந்த அம்மாள் நின்று நிதானமாகப் பதில் சொன்னார், கிரேஸைப் பற்றிக் கேட்டதும் முகமே மலர்ந்துவிட்டது. குழந்தைகள் அந்தக் கால உடை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம், அவர்களுக்கு அது ஒன்றே போதும். மாடிப்படி ரொம்பக் குறுகல், செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்களைக் கீழேயே உட்கார வையுங்கள். அத்தை ஏறவில்லை. கூட்டம் சேர்ந்தால் உள்ளே திரும்ப இடம் இருக்காது, அதனால் வார நாளில் காலையிலேயே போவது நல்லது.

தயவுசெய்து சுற்றுலா வேனில் மட்டும் போகாதீர்கள். முதல் தடவை உறவினர் ஒருவரோடு அப்படித்தான் போனேன், பெயர் வேண்டாம். வழிகாட்டி, “கேப்டன் குக் பிறந்த வீடு இதுதான்” என்று மைக்கில் சொல்லிவிட்டு, படம் எடுக்க மட்டும் இறக்கிவிட்டு, உள்ளே போக நேரம் இல்லை என்று எல்லோரையும் வேனில் ஏற்றிவிட்டார். வேன் கட்டணத்தில் பாதிகூட இல்லாத செலவில் நீங்களே வரலாம். வெலிங்டன் பரேடில் 48 அல்லது 75 டிராமில் இறங்கினால் தோட்டத்துக்குள் கொஞ்ச தூர நடைதான், ரயிலில் வந்தால் ஜோலிமண்ட் ஸ்டேஷன். தோட்டம் இலவசம், காட்டேஜுக்குள் போகத்தான் டிக்கெட். பக்கத்திலேயே கண்ணாடி வீட்டுக்குள் பூ வளர்க்கிற கன்சர்வேட்டரி இருக்கிறது, பெரியவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஐந்துக்கு நாலு ஸ்டார் கொடுக்கிறேன். எலிசபெத்துக்கும் பிள்ளைகளுக்கும் இன்னும் கொஞ்சம் இடம் ஒதுக்கினால் ஐந்தும் கொடுப்பேன். கேப்டனுக்குத் தோட்டத்திலேயே ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது, அவருக்கு அது போதும்.